இருண்ட திரை

இராமாநுசர் பிறந்த ஸ்ரீபெரும்புதூரில் இக்காலத்தில் கணிப்பொறிகளும் பிறக்கின்றன. டெல் நிறுவனம் 2007-ஆம் ஆண்டில் அங்கே தன் தொழிற்சாலையைத் திறந்தது. மேசைக் கணிப்பொறி ஒன்று திடீரெனத் திரை இருண்டு நின்றால், பலரும் திரையையே பழித்துப் புதியது வாங்க விரைவர். குற்றம் திரையினதுதானா என்று முதலில் ஆராய்தல் வேண்டும்.

பொறியை முடுக்கியதும், விண்டோஸ் எழுமுன்னரே, செய்த நிறுவனத்தின் சின்னம் திரையில் தோன்றும். அதுவும் தோன்றாவிடின் மின் இணைப்பையும் திரைக்குச் செல்லும் கேபிளையும் நோக்குக. கேபிள் சற்றே தளர்ந்திருப்பினும் படம் வாராது. சின்னம் தோன்றிப் பின்னர் இருளுமாயின், பொறியைச் ‘சேஃப் மோடு’ என்னும் எளிய நிலையில் தொடங்குதல் நன்று. விண்டோஸ் 7 வரையில் இதற்கு எஃப் 8 விசை போதும். விண்டோஸ் 10, 11 ஆகியவற்றிலோ, தொடக்கம் இருமுறை மும்முறை இடையில் தடைப்பட்டால் மீட்புப் பக்கம் தானே தோன்றும்; அதன் வழியே செல்லலாம்.

இந்நிலையில் இன்றியமையாத நிரல்கள் மட்டுமே இயங்கும். படம் தீட்டும் சிறப்பு நிரலாகிய டிரைவர் உறங்க, பொதுநிரல் ஒன்று அதன் பணியை ஏற்கும். ஆதலின் எழுத்துகள் பருத்துத் தோன்றுதல் பழுதன்று. விண்டோஸ் 95 இந்நிலையில் 640 புள்ளி அகலமும் 480 புள்ளி உயரமும் 16 நிறங்களுமே காட்டிற்று. அது 1987-இல் ஐ.பி.எம். வகுத்த வி.ஜி.ஏ. அளவு.

இங்கே படம் தெரிந்தால் திரை குற்றமற்றது. பெரும்பாலும் டிரைவரே குற்றவாளி. அதனை நீக்கிப் பொருத்தமானதை நிறுவுக. இங்கும் இருள் நீங்காவிடின், திரையை வேறொரு பொறியில் இணைத்துப் பார்க்க. அங்கே ஒளிருமாயின், பழுது முதற்பொறியினுள், படம் அனுப்பும் அட்டையில் இருத்தல் கூடும்.