முதலாளி இல்லாத நாணயத்துக்குச் சங்கம் எதற்கு?

சங்கத்தின் அருமையை நம் வணிகப் பெருமக்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. வரி ஏறினாலும், தராசு முத்திரையில் கெடுபிடி வந்தாலும், நம் சார்பில் மனு கொண்டுபோக ஒரு லெட்டர்பேடு தேவைப்படுகிறது. அந்தக் கண்ணோட்டத்தோடுதான் பிட்காயின் விவகாரத்தை நாம் பார்த்தோம். முதலாளியும் இல்லை, தலைமை அலுவலகமும் இல்லை என்கிற பணத்துக்கு யார் லெட்டர்பேடு அடிப்பது?

2008 அக்டோபரில் சடோஷி நகமோட்டோ என்ற புனைபெயரில் இதன் திட்டம் வெளியாயிற்று. 2009 ஜனவரி 3-ந் தேதி முதல் பதிவு விழுந்தது. யாரிடமிருந்து யாருக்கு எவ்வளவு போயிற்று என்ற பேரேடு, உலகெங்கும் ஆயிரக்கணக்கான கணினிகளில் நகலாக இருக்கிறது. ஒருவர் தம் பிரதியில் மட்டும் தொகையைத் திருத்தினால் மற்றவர்கள் ஏற்கமாட்டார்கள். புனைபெயர்க்காரரும் 2011-ல் ஒதுங்கிவிட்டார். ஆக, கல்லாவில் உட்கார ஆளே இல்லாத கடை!

இந்தக் கடைக்கு 2012 செப்டம்பரில் அமெரிக்காவில் ஒரு சங்கம் கண்டார்கள். பெயர் பிட்காயின் பவுண்டேஷன். நோக்கத்தைக் குறை சொல்வதற்கில்லை. மென்பொருளைப் பராமரித்துவந்த கேவின் ஆண்ட்ரசன் போன்றோருக்குச் சம்பளம் தரவேண்டும், அரசாங்கத்திடம் எடுத்துச் சொல்ல ஆள் வேண்டும் என்றார்கள். 2013 நவம்பரில் அமெரிக்க செனட் குழுவின் விசாரணையில் அதன் வழக்கறிஞர் போய் விளக்கமும் அளித்தார்.

ஆனால் அதே ஆண்டு மே மாதத்தில் வேடிக்கை ஒன்று நடந்தது. உரிமம் இல்லாமல் பணம் அனுப்பும் தொழிலை நடத்துவதாகத் தெரிகிறது, நிறுத்துக என்று கலிபோர்னியா மாநில நிதித் துறை பவுண்டேஷனுக்கு ஓலை அனுப்பியது. அந்தத் தொழிலையே நாங்கள் செய்யவில்லை என்று இவர்கள் பதில் எழுதவேண்டியதாயிற்று. பணத்துக்கு முகவரி இல்லை, சங்கத்துக்கு இருந்தது. தபால் அங்கே போய்விட்டது!

அடுத்த அடி உள்ளிருந்தே விழுந்தது. 2014 ஜனவரியில் துணைத் தலைவர் சார்லி ஷ்ரெம் கைதானார். உரிமமற்ற பணப் பரிமாற்றத்துக்கு உடந்தை என்பதை அவரே ஒப்புக்கொண்டு, இரண்டாண்டு தண்டனை பெற்றார். பிப்ரவரியில் இன்னொரு நிர்வாகி மார்க் கார்பெலெஸ் நடத்திய டோக்கியோ சந்தையான மவுண்ட் காக்ஸ் திவாலாயிற்று. சுமார் 8,50,000 பிட்காயினைக் காணோம் என்றார்கள். 2,00,000 பிறகு அகப்பட்டது. நிர்வாகிகள் பெயர் கெட்டதும் நாணயத்தின் பெயரும் சேர்ந்து கெட்டது. 2015 ஏப்ரலில், பவுண்டேஷனே கிட்டத்தட்ட திவால் என்று அதன் நிர்வாகக் குழு உறுப்பினர் ஒருவர் பகிரங்கமாக எழுதினார்.

பிட்காயின் நின்றதா? ஒரு நாளும் நிற்கவில்லை. 2017 மே மாதம் 50-க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் நியூயார்க்கில் கூடி, பேரேட்டின் பக்க அளவை இரட்டிப்பாக்குவோம் என்று கையெழுத்திட்டன. பெரிய பெரிய புள்ளிகள்தான். ஆனாலும் தத்தம் கணினியில் பேரேடு வைத்திருந்த சாமானியர்கள் பலர் மசியவில்லை. நவம்பரில் அந்தத் திட்டத்தைக் கைவிட்டார்கள்.

நம் எண்ணம் இதுதான்: அரிசிக்குச் சங்கம் இல்லை, அரிசி வியாபாரிக்குத்தான் சங்கம் உண்டு. பிட்காயினின் அதிகாரபூர்வப் பிரதிநிதி என்று சொல்லி உங்கள் கடைப்படி ஏறி முதலீடு கேட்பவர் யாராயினும், அந்தப் பதவியை அவருக்குக் கொடுக்க உலகில் ஆள் இல்லை. சங்கம் வேண்டாம் என்றும் நாம் சொல்லவில்லை. ஆண்ட்ரசனுக்குச் சம்பளம் கிடைத்தது நல்லதுதான். 2015-ல் அந்தப் பொறுப்பை எம்.ஐ.டி. பல்கலைக்கழகம் ஏற்றது.

நம் நாட்டிலேயே உதாரணம் உண்டு. 2018 ஏப்ரல் 6-ந் தேதி, இத்தகைய நாணய வியாபாரிகளுக்கு வங்கிச் சேவை கூடாது என ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை விட்டது. இந்திய இணைய, கைபேசி நிறுவனங்களின் சங்கம் உச்ச நீதிமன்றம் சென்றது. சங்கம் வாதாடியது நாணயத்துக்காக அல்ல, தொழில் செய்யும் உறுப்பினர்களின் உரிமைக்காக. 2020 மார்ச் 4-ந் தேதி சுற்றறிக்கை ரத்தாயிற்று. ஆனால் 2022 பட்ஜெட்டில் லாபத்துக்கு 30 சதவீத வரி வந்தது. ஒன்றில் பட்ட நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்கவும் வழியில்லை. அதற்கான மனுவையும் யாரோ ஒரு சங்கம்தான் தூக்கிக்கொண்டு அலையவேண்டும்.