இன்ஜின் மாத்தின காரும் அணையாத மஞ்சள் விளக்கும்

இந்த மாதம் அறிவியல் பக்கத்துக்கு என் பெயர் வந்திருக்கிறது. கிரகணம், கொசு, பிளாஸ்டிக் எல்லாவற்றையும் மற்றவர்கள் எழுதி முடித்துவிட்டார்கள். எனக்குத் தெரிந்தது எங்கள் அப்பாவின் பட்டறைதான். அதனால் ஒரு காரைப் பற்றி எழுதுகிறேன். கொஞ்சம் பொறுமையாகப் படிக்கவும்.

அப்பா கார், வேன்களுக்கு ஒயரிங் வேலை பார்ப்பவர். பட்டறை நம் ஊர் பைபாஸை ஒட்டி இருக்கிறது. எங்கள் பக்கத்து வீதி டிரைவர் மாமாவிடம் ஏழு பேர் உட்காருகிற டீசல் கார் ஒன்று இருக்கிறது. ராத்திரி பனியன் கம்பெனி விட்டதும் அக்காமார்களை ஏற்றிக்கொண்டு வந்து வீடு வீடாக இறக்கிவிடுவார். என் அக்காவும் செக்கிங் வேலை முடிந்து அதில்தான் வருவாள்.

ஆவணி மாதம் அந்தக் காரின் இன்ஜின் ஆயில் இல்லாமல் ஜாம் ஆகிவிட்டது. புது இன்ஜினுக்குப் பணம் ஏது? அதே மாடல் வேறொரு காரில் கழற்றிய பழைய இன்ஜினை வாங்கி, ஒரு ஷெட்டில் விட்டு மாற்றினார். எல்லாம் வட்டிக்கு வாங்கின பணம். மூன்று வாரம் கழித்துக் கார் வந்தது. ஆனால் பேய் பிடித்த மாதிரி நடந்துகொண்டது. செல்ஃப் அடித்தால் இழுத்து இழுத்துச் சுற்றும். ஹார்ன் அடித்தால் டேஷ்போர்டில் விளக்குகள் மினுக்கும். ரோட்டில் கொஞ்ச தூரம் ஓடியதும், கார் வழுக்குகிற மாதிரி படம் போட்ட மஞ்சள் விளக்கு எரியும். அப்புறம் அணையவே அணையாது.

அந்தப் படம்தான் டிராக்ஷன் கண்ட்ரோல் விளக்கு. ஒவ்வொரு சக்கரத்துக்குப் பக்கத்திலும் ஒரு சென்சார் இருக்கும். அது சக்கரம் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்று எண்ணிக்கொண்டே இருக்கும். மழையில் ஒரு சக்கரம் மட்டும் பிடிப்பு இல்லாமல் வேகமாகச் சுற்றினால், கம்ப்யூட்டர் பெட்டி அந்தச் சக்கரத்துக்கு மட்டும் லேசாக பிரேக் கொடுக்கும். இன்ஜினிடமும் "சக்தியைக் குறை" என்று சொல்லும். கணக்கில் எங்காவது குழப்பம் வந்தால் தன் வேலையை நிறுத்திவிட்டு விளக்கைப் போட்டுவிடும்.

டிரைவர் மாமா ஏற்கனவே இரண்டு இடத்தில் காட்டியிருந்தார். ஒருவர், பெட்டியையே மாற்ற வேண்டும், நாற்பதாயிரம் ஆகும் என்றாராம். இன்னொருவர், ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு விளக்கு மேல் கருப்பு டேப் ஒட்டிவிடலாம் என்றாராம். டிரைவர் மாமாவுக்கு இரண்டாவதுதான் பிடித்திருந்தது.

"ஏனுங்ண்ணா, நீங்களே அதப் பண்ணிக் குடுங்க. விளக்கப் பாத்து பிள்ளைங்க பயப்படுதுங்க" என்றார்.

"அந்த ஃபியூஸப் புடுங்கினா ஏ.பி.எஸ். பிரேக்கும் சேந்து போயிரும் தம்பி. என்ற பொண்ணும் இதுலதான் வருது" என்றார் அப்பா.

டிரைவர் மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது. சாவியை மேஜை மேல் போட்டுவிட்டு டீக்கடைக்குப் போய்விட்டார்.

இன்ஜின் மாற்றுவது ஒன்றும் புதிய விஷயம் இல்லை. 2014 வரை தயாரான அம்பாசடர் காரில், 1990களில் கம்பெனிக்காரர்களே ஜப்பான் நாட்டு இசுசு இன்ஜினை வைத்து விற்றார்கள். நம் கோயமுத்தூர் கரிவர்த்தன், மாருதி 800 காரின் 796 சி.சி. இன்ஜினை வைத்து பந்தயக் கார் செய்தவர். செட்டிபாளையம் பந்தயத் தடத்துக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். அந்தக் காலத்து வண்டியில் இன்ஜினுக்குப் போகும் ஒயர்கள் கொஞ்சம்தான். இப்போது இன்ஜின், பிரேக், மீட்டர் எல்லாம் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. அதனால்தான் இவ்வளவு வம்பு.

அப்பா முதலில் பார்த்தது எர்த். பேட்டரியின் மைனஸ், கார் பாடியோடு சேர்ந்திருக்கும். ஆனால் இன்ஜின் ரப்பர் மவுண்டிங் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பர் கரண்ட் கடத்தாது என்று நமக்குத் தெரியும். அதனால் இன்ஜினுக்கும் பாடிக்கும் நடுவில் செம்புக் கம்பியில் பின்னிய பட்டை ஒன்று போட வேண்டும். அதை மறந்துவிட்டால் கரண்ட் சும்மா இருக்காது, வேறு வழி தேடும். அப்பா வேலை பழகிய காலத்தில் டீசல் இன்ஜின் மாற்றின ஒரு அம்பாசடரில் இந்தப் பட்டையைப் போடாமல் விட்டிருந்தார்களாம். செல்ஃப் அடிக்கும்போதெல்லாம் ஆக்சிலரேட்டர் கேபிள் வழியாகக் கரண்ட் திரும்பி, கேபிள் சுட்டுப் புகை வந்ததாம்!

மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி மைனஸிலும் இன்னொன்றை இன்ஜின் மேலும் வைத்துப் பிடிப்பது என் வேலை. அப்பா செல்ஃப் அடித்தார். 1.8 வோல்ட் காட்டியது. 0.2-க்கு மேல் போகக் கூடாது என்பது அப்பா கணக்கு. கீழே படுத்துப் பார்த்தால் பட்டை இருக்கிறது, ஆனால் பெயிண்ட் அடித்த இடத்தின் மேலேயே போல்ட்டை முடுக்கியிருந்தார்கள். உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து மாட்டியதும் 0.1 வந்தது. செல்ஃப் சட்டென்று சுற்றியது. ஹார்ன் அடித்தால் விளக்கு மினுக்குவதும் நின்றது.

மஞ்சள் விளக்கு மட்டும் அணையவில்லை.

அடுத்து, இன்ஜின் பெட்டியும் பிரேக் பெட்டியும் பேசிக்கொள்ளும் ஒயர். இதற்கு கேன் என்று பெயர். 1986-ல் ஜெர்மனியின் பாஷ் கம்பெனி கொண்டுவந்தது. இரண்டு நூலை முறுக்கிய மாதிரி இரண்டு ஒயரை முறுக்கியிருப்பார்கள். இரண்டு கடைசியிலும் 120 ஓம் மின்தடை இருக்கும். இரண்டும் பக்க இணைப்பில் இருப்பதால் பேட்டரியைக் கழற்றிவிட்டு அளந்தால் 60 ஓம் வர வேண்டும். 120 வந்தால் எங்கோ அறுந்திருக்கிறது என்று அர்த்தம். எங்களுக்கு 60 வந்தது. அப்படியானால் பேச்சு வழி சரியாகத்தான் இருக்கிறது.

பக்கத்துப் பட்டறையில் ஸ்கேனர் இரவல் வாங்கி வந்தோம். பின் இடது சக்கரத்தின் வேகம் தப்பு என்று அது காட்டியது. உடனே புது சென்சார் வாங்க ஓடக் கூடாது. அப்பா இடது பக்கச் சென்சாரை வலது பக்கமும், வலதை இடதுக்கும் மாற்றிப் போட்டு ஓட்டினார். சென்சார் கெட்டிருந்தால் குறையும் கூடவே வலது பக்கம் போயிருக்க வேண்டும். போகவில்லை, இடது பக்கத்திலேயே நின்றது. ஒயரும் நன்றாக இருந்தது.

அப்போது நான் சும்மா டயரில் எழுதியிருந்த எண்களைப் படித்துக்கொண்டிருந்தேன். மூன்று டயரில் 185/65 ஆர் 15. பின் இடது டயரில் மட்டும் 185/60 ஆர் 15. "அப்பா, இது மட்டும் ஏனுங்ப்பா அறுபது?" என்று கேட்டேன். அப்பா ஒன்றும் பேசாமல் ஜாக்கி எடுக்கப் போனார்.

185 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 65 என்றால் டயரின் பக்க உயரம் அகலத்தில் 65 சதவீதம், அதாவது 120 மி.மீ. 60 என்றால் 111 மி.மீ.தான். அந்த டயர் வழவழவென்று தேய்ந்தும் இருந்தது. நான் வீட்டுக்கு ஓடிப்போய் அம்மாவின் இன்ச் டேப்பை எடுத்துவந்து டயரைச் சுற்றி அளந்தேன். நல்ல டயர் 195 செ.மீ., இது 186 செ.மீ. ஒரு கிலோமீட்டர் போக நல்ல டயர் ஏறக்குறைய 513 சுற்று சுற்றும், இது 538 சுற்று. இருபத்தைந்து சுற்று அதிகம்! காய்ந்த ரோட்டிலும் இந்தச் சக்கரத்தின் கணக்கு மற்ற மூன்றோடு ஒத்துப்போகாது. பெட்டி பாவம், என்ன செய்யும்?

டிரைவர் மாமாவைக் கேட்டோம். கார் ஷெட்டில் நின்றபோது அந்த டயர் பஞ்சர் ஆகி வெடித்துவிட்டதாம். அங்கே கிடந்த பழைய டயரைப் போட்டுக் கொடுத்தார்களாம். இன்ஜின் மாற்றின அதே சமயம் டயரும் மாறியதால் எல்லாரும் இன்ஜினையே திட்டிக்கொண்டிருந்தோம்.

அதே அளவில் டயர் வாங்கிப் போட்டு, ஸ்கேனரில் பழைய குறையை அழித்துவிட்டு, அப்பாவும் டிரைவர் மாமாவும் குன்னத்தூர் ரோட்டில் ஓட்டிப் பார்த்தார்கள். நானும் பின் சீட்டில் இருந்தேன். போகும்போதும் எரியவில்லை, திரும்பும்போதும் எரியவில்லை. டிரைவர் மாமா அப்பாவிடம் கோபப்பட்டதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு மட்டும் ஒரு தேங்காய் பன் வாங்கிக் கொடுத்தார்.

ஒரு வேலை இன்னும் பாக்கி இருக்கிறது. ஆர்.சி.யில் பழைய இன்ஜின் நம்பர்தான் இருக்கிறது. 1988-ம் வருட மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி ஆர்.டி.ஓ. ஆபீசில் சொல்லி அதை மாற்ற வேண்டும். அப்பா தினமும் ஞாபகப்படுத்துகிறார், அவரும் "நாளைக்கிங்ண்ணா" என்கிறார். அக்கா இப்போது அந்தக் காரில்தான் வருகிறாள். இன்ச் டேப் முழுக்கக் கரி ஆகிவிட்டது என்று அம்மா என்னை இன்னும் திட்டிக்கொண்டிருக்கிறார்.

- ஒன்பதாம் வகுப்பு மாணவி