பால் அளப்பவரும் பால் கொண்டுவருபவரும்

கணினிக்கு வேண்டிய மென்பொருளைச் செயற்கையறிவே எழுதத் தொடங்கிவிட்ட காலம் இது. அதிலும், ஒரே பொறி முழு வேலையையும் தாங்காமல், ‘முகவர்’ எனப்படும் பல பொறிகள் அதனைத் தமக்குள் பங்கிட்டுக்கொள்ளும் முறை பரவி வருகிறது. அம்முறை யாது? அதனை விளக்கக் கோலசிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களே நமக்குப் போதும்.

மலாயாவின் முதல் வணிகச் செம்பனை நடவு 1917ஆம் ஆண்டில் இவ்வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில் தொடங்கிற்று. இன்று எங்கும் செம்பனையே. எனினும் புக்கிட் ரோத்தான், ஜெரம், பத்தாங் பெர்சுந்தை பகுதிகளில் பல்லாண்டுகள் தோட்ட மக்களுக்குச் சோறிட்டது ரப்பர். விடியுமுன் பெரட்டு, மண்டோர் நிரை பிரித்துக் கொடுப்பார், தொழிலாளி மரம் சீவிப் பால் எடுப்பார், பால் கொட்டகையில் கிராணி அளப்பார், ஆலையில் அமிலமிட்டு உறையவைத்துத் தகடாக்கிப் புகையூட்டுவர். ஒவ்வொருவர்க்கும் ஒரு தொழில்.

முகவர்களின் அமைப்பும் இத்தகையதே. தலைமை முகவர் வேலையைக் கூறுபோடுகிறது. ஒன்று பழைய நிரலைப் படித்தறியும், ஒன்று புதிது எழுதும், ஒன்று சோதிக்கும், ஒன்று பாதுகாப்பு ஓட்டைகளைத் தேடும். ஒரு பொறி ஒரே நேரத்தில் மனத்திற் கொள்ளக்கூடிய செய்திக்கு எல்லை உண்டு. ஆதலின் அவரவர்க்கு வேண்டியதை மட்டும் தருவது நலம். ஆனால் தலைமைக்குத் தெரிந்தவை யாவும் கீழுள்ளவற்றிற்குத் தெரியா. ஆகவே எதனைச் செய்வது, எதனைத் தொடக்கூடாது, எப்போது வேலை முடிந்ததாகக் கொள்வது என்பவற்றைத் தெளிவாகச் சொல்லியே அனுப்புதல் வேண்டும்.

கூறுகள் மிகுந்தால் பேச்சும் மிகும். பிந்திவிட்ட மென்பொருட் பணியில் மேலும் ஆள் சேர்த்தால் அது இன்னும் பிந்தும் என்று பிரெடரிக் புரூக்ஸ் 1975ஆம் ஆண்டிலேயே எழுதினார். சிறு வேலையை ஒரே முகவரிடம் விடுவதே சிக்கனம்.

இனி, உயிர்நிலையான செய்திக்கு வருவோம். பாலில் நீர் கலந்தால் எடை கூடும், ரப்பர் கூடாது. அதனாலன்றோ எடையோடு நில்லாமல், அடர்த்தியைக் கொண்டு ரப்பரை மதிப்பிடும் மிதவைக் கருவியையும் பாலில் இட்டுப் பார்த்தனர்! எழுதும் முகவரும், சோதனையில் தேறுவதே குறியாயின், பிழையைத் திருத்தாமல் சோதனையையே மாற்றிவிடுவதுண்டு. ஆகவே எழுதியதே சோதித்தல் ஆகாது. சோதனையைத் தொடும் உரிமையும் அதற்கு இருத்தல் ஆகாது.

அளப்பவரே தவறினால்? கேட்க வழியற்ற தொழிலாளிக்கு அன்றைய கூலியில் நட்டம். சோதிக்கும் முகவர் தவறினாலோ, மருத்துவமனைக் கணக்கிலும் வங்கிக் கணக்கிலும் பொதுமக்களுக்கு நட்டம். அப்போது பொறியைக் கூண்டில் ஏற்ற முடியாது. திருக்குறளில் வேலை ஒப்படைத்தலைக் கூறும் அதிகாரத்தின் பெயர் ‘தெரிந்து வினையாடல்’. தெரிதல் முன்னும் ஆடல் பின்னும் நிற்றல் காண்க. இத்துறையில் புகும் நம் இளைஞர், இறுதியில் தாமே படித்துப் பார்த்து ஒப்பமிடும் பொறுப்பை எம்முகவரிடமும் ஒப்படைத்தல் கூடாது.