கட்டுத்துணி வாங்கினால் மட்டும் புண் ஆறாது

நாய், பூனைகளின் புண்ணுக்கென்றே தயாரான பொருட்கள் இப்போது சிறு நகர மருந்துக் கடைகளுக்கும் வந்துவிட்டன. தன்மேல் தானே ஒட்டிக்கொள்ளும் சுருள் கட்டு இதில் நல்ல வரவு. முடியைப் பிடுங்காது என்பதால் ஆடு, கன்றுகளின் கால் காயத்துக்கும் உதவும். ஆனால், கழுவாத புண்மேல் எதைச் சுற்றினாலும் உள்ளே சீழும் புழுவும்தான் வளரும்.

புண்ணைச் சுற்றியுள்ள முடியைக் கத்தரித்து, கொதித்து ஆறிய உப்பு நீரால் (லிட்டருக்கு 9 கிராம்) கழுவுங்கள். பஞ்சின் நார் புண்ணில் ஒட்டும். மெல்லிய பருத்தித் துணியே மேல். கட்டுக்குக் கீழே கால் வீங்கினால் இறுகிவிட்டது என்று பொருள், உடனே அவிழ்க்கவும். நனைந்த கட்டை அன்றே மாற்ற வேண்டும். பினாயில், மண்ணெண்ணெய் ஊற்றும் பழக்கம் இன்னும் போகவில்லை. அவை புழுவோடு நல்ல சதையையும் பொசுக்கிவிடும்.

மாட்டுக் குளம்புப் புண்ணுக்குக் கைமருந்தும் உண்டு. குப்பைமேனி, வேப்பிலை, துளசி, மருதாணி இலை தலா ஒரு கைப்பிடி, பூண்டு 10 பல், மஞ்சள் தூள் 20 கிராம் ஆகியவற்றை அரைத்து, அரை லிட்டர் நல்லெண்ணெயில் காய்ச்சி ஆறவைத்துத் தடவலாம். புழு இருந்தால் முதல் நாள் மட்டும் சீத்தா இலை விழுது. நாய், பூனை நக்கிவிடும். பூண்டு அவற்றுக்கு ஆகாது என்பதால் இதைத் தடவ வேண்டாம்.

நாய் கடித்த காயம் என்றால் கட்டே போடாதீர்கள். கையுறை அணிந்து, சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே கால்நடை மருத்துவரிடம் வெறிநோய்த் தடுப்பூசி போடுங்கள். அவசரத்துக்கு 1962 என்ற எண்ணை அழைக்கலாம்.