மதிப்பீட்டுக்கு முன் மடைக்காரரின் சொல்

தமிழ்நாட்டின் வடமாவட்டங்களில் ஏரி என்றும் தென்மாவட்டங்களில் கண்மாய் என்றும் வழங்கும் பாசன நீர்நிலைகள் ஏறத்தாழ 39,000 உள்ளன. அவற்றைச் சீரமைக்கும் திட்டங்களில் ‘மக்கள் பங்கேற்பு’ என்ற தொடர் தவறாமல் இடம்பெறுகிறது என்றாலும், மதிப்பீடு தயாரான பின் கையெழுத்துக்காக ஊரைக் கூட்டுவதும், என்ன வேலை தேவை என்பதையே ஊரைக் கேட்டு முடிவுசெய்வதும் அத்தொடருக்குள் ஒன்றாகவே அடங்கிவிடுகின்றன.

‘உள்ளூர் அறிவு’ என்பது இங்கே மிகத் துல்லியமான தொழிலறிவு. மடையைத் திறந்து மூடி, வயல்களுக்கு முறைவைத்து நீர் பாய்ச்சும் பணியாளர் மதுரைப் பக்கம் நீர்க்கட்டி என்றும் காஞ்சிபுரம் பக்கம் கம்புகட்டி என்றும் அழைக்கப்படுகிறார். அவருக்குரிய கூலி பெரும்பாலும் அறுவடைக் களத்தில் நெல்லாகவே அளக்கப்பட்டு வந்தது. கரையில் எந்த இடம் கசியும், நீர் வந்துசேரும் வரத்துக்கால் எங்கே தூர்ந்திருக்கிறது, மேல் கண்மாயில் உபரிநீர் வழியும் கலிங்கை ஒரு செங்கல் அளவு உயர்த்தினால் கீழ்க் கண்மாய்க்கு எவ்வளவு குறையும் என்பவை அவருக்குத் தெரியும்.

இந்த அறிவைப் புறக்கணிப்பதன் விளைவு தூர்வாருவதில் வெளிப்படையாகத் தெரிகிறது. எடுத்த மண்ணைக் கன அளவில் அளந்து தொகை வழங்கும்போது ஆழமாகத் தோண்டுவதே ஆதாயமாகிவிடுகிறது. ஆனால் மடையின் அடிமட்டத்துக்குக் கீழே தேங்கும் நீர் தானாக வயலுக்குப் பாயாது என்பதோடு, அடியிலுள்ள களிமண் படுகை வெட்டுப்பட்டால் நீர் நிலத்துக்குள் இறங்கிவிடும். அது கிணறுகளுக்கு நன்மையாகலாம், மடைப் பாசனத்துக்கு இழப்புதான். பல கண்மாய்களுக்கு ஆழத்தைவிட வரத்துக்காலைத் திறப்பதே முதல் தேவை.

ஊரார் கூடி நீர்நிலையைப் பராமரிக்கும் வழக்கத்துக்குக் குடிமராமத்து என்று பெயர். ஊரின் ஒழுங்காக இருந்த அது 1858ஆம் ஆண்டின் சென்னை கட்டாய உழைப்புச் சட்டத்தால் தண்டனைக்கு அஞ்சிச் செய்யும் கடமையாக மாறியது. 2017இல் தமிழக அரசு ரூ.100 கோடியில் 1,519 பணிகளுடன் அப்பெயரை மீட்டெடுத்து, ஆயக்கட்டு (பாசனப் பரப்பு) விவசாயிகளின் பங்கு 10 விழுக்காடு என வரையறுத்தது. ஆனால் பணமாகவோ உழைப்பாகவோ தரப்படும் இப்பங்கு செலவில் பங்கேற்பே தவிர, முடிவில் பங்கேற்பு ஆகாது.

ஊரைக் கேட்பது என்பதும் எளிதன்று. நீர்க்கட்டிகளில் பலர் பட்டியல் சாதியினர். ஆயக்கட்டில் அவர்களுக்கு நிலமில்லையெனில், நிலமுடையோரை உறுப்பினராகக் கொண்ட பாசன சங்கத்தில் இடமும் இருப்பதில்லை. அறிவு ஒருவரிடமும் கையெழுத்து மற்றொருவரிடமும் இருக்கும் இந்நிலையில், எல்லா வாக்காளர்களும் அமரக்கூடிய கிராம சபையே தகுந்த அவை. உலக நீர் நாளான மார்ச் 22ஆம் தேதியும் கிராம சபை நாளாக 2022இல் அறிவிக்கப்பட்டது. பெரும்பாலான கண்மாய்கள் வற்றி, படிந்த வண்டலும் மடையின் அடியும் கண்ணுக்குத் தெரியும் காலம் அது. அன்றைய கூட்டத்தை ஊராட்சி அலுவலகத்தைவிடக் கரைமீது நடத்துவதே பொருத்தமாக இருக்கும்.