கதிரவன் மேனியில் கரும்புள்ளிகள்

தை முதல் நாளன்று தாராவியின் தொண்ணூறு அடிச் சாலையில் வரிசையாகப் பானைகளை ஏற்றிப் பொங்கலிட்டுக் கதிரவனை வணங்குகிறோம். மாதுங்காவிலும் செம்பூரிலும் வாசலில் கோலமிட்டு அவ்வாறே வணங்குகிறோம். எனினும் நாள்தோறும் நம் தலைக்கு மேல் செல்லும் அக்கதிரவனின் முகத்தை நாம் உற்று நோக்கியதில்லை. வெறுங்கண்ணால் நோக்கவும் கூடாது. அம்முகத்தில் தோன்றி மறையும் கரும்புள்ளிகளைப் பற்றியும், சிறியதொரு தொலைநோக்கியைக் கொண்டு கண்ணுக்கு ஊறின்றி அவற்றைக் காணும் முறையைப் பற்றியும் இங்கு ஆராய்வோம். இத்துறையின் வரலாற்றில் நாம் வாழும் மும்பை நகருக்குச் சிறப்பானதோர் இடம் உண்டு.

கரும்புள்ளி என்பது யாது? சூரியனின் ஒளிவீசும் மேற்பரப்பு ஏறத்தாழ 5,500 டிகிரி செல்சியஸ் வெப்பமுடையது. அதன் சில இடங்களில் காந்தப் புலம் வலுவாகத் திரண்டு, உள்ளிருந்து மேலெழும் வெப்ப ஓட்டத்தைத் தடுக்கிறது. அவ்விடம் சுற்றுப்புறத்தைவிட 1,000 முதல் 2,000 டிகிரி வரை குளிர்ந்துவிடுகிறது. குளிர்ந்தது என்றாலும் உருகிய இரும்பினும் வெப்பமானதே. பேரொளியின் நடுவே இருப்பதால் மட்டுமே அது கருமையாகத் தோன்றுகிறது. சிறு புள்ளிகள் ஒரே நாளில் மறைந்துவிடும். பெரியவை வாரக்கணக்கில் நிலைக்கும். சூரியன் தன்னைத்தானே சுற்றுவது நம் பார்வைக்கு ஏறத்தாழ 27 நாள்களுக்கு ஒரு முறை. ஆதலின் கிழக்கு விளிம்பில் தோன்றும் ஒரு புள்ளி, ஏறக்குறைய 13 நாள்களில் மேற்கு விளிம்பை அடைந்து மறைகிறது.

இப்புள்ளிகளுக்கும் ஓர் ஒழுங்கு உண்டு என்பதைக் கண்டவர் பெரிய ஆராய்ச்சி நிலையத்தின் தலைவர் அல்லர். ஜெர்மனியில் டெஸ்ஸாவ் என்னும் ஊரைச் சேர்ந்த மருந்துக்கடைக்காரரான ஸ்வாபே என்பவரே அவர். 1826ஆம் ஆண்டு முதல், வானம் தெளிந்த நாளிலெல்லாம் சிறு தொலைநோக்கியால் புள்ளிகளை எண்ணிக் குறித்து வந்தார். அவர் தேடியது புதன் கோளுக்கும் உள்ளே சுற்றுவதாகக் கருதப்பட்ட வேறொரு கோளை. கோள் கிடைக்கவில்லை. ஆனால் 1843 வரை சேர்ந்த குறிப்புகளை ஒருசேர நோக்கியபோது, புள்ளிகள் சில ஆண்டுகள் பெருகியும் சில ஆண்டுகள் அருகியும் வருதல் புலனாயிற்று. அச்சுழற்சியின் சராசரிக் காலம் 11 ஆண்டுகள் என்பது பின்னர் உறுதிப்பட்டது.

ஸ்வாபே எண்ணத் தொடங்கிய அதே 1826ஆம் ஆண்டில்தான் பம்பாயின் தென்கோடியில், கொலாபாவில், கிழக்கிந்தியக் கம்பெனியார் ஒரு வான ஆராய்ச்சி நிலையத்தை நிறுவினர். 1841 முதல் அங்கே பூமியின் காந்தப் புலம் முறையாக அளக்கப்பட்டது. 1859 செப்டம்பர் 1ஆம் நாள், இங்கிலாந்தில் தம் சொந்தச் செலவில் அமைத்த கூடத்திலிருந்து காரிங்டன் என்பவர், திரையில் விழுந்த சூரிய பிம்பத்தில் புள்ளிகளை வரைந்து கொண்டிருந்தார். அப்போது ஒரு பெரும் புள்ளிக் கூட்டத்தின் மீது வெள்ளொளி ஒன்று பளீரெனத் தோன்றிச் சில நிமிடங்களில் மறைந்தது. ஹாட்ஜ்சன் என்பவரும் வேறோர் இடத்திலிருந்து தனித்து அதனைக் கண்டார். ஏறத்தாழ 17 மணி நேரத்திற்குப் பின் உலகெங்கும் காந்தப் புயல் வீசிற்று. தந்திக் கம்பிகள் நிலைகுலைந்தன. இங்கிலாந்தின் கருவிகளில் பதிவு எல்லையைத் தாண்டிவிட்டது. கொலாபாவிலோ, மணிக்கு ஒரு முறை எடுத்து வந்த அளவைப் புயல் வேளையில் சில நிமிடங்களுக்கு ஒரு முறை கண்ணால் நோக்கி எழுதினர். காந்தப் புலத்தின் கிடை விசை ஏறத்தாழ 1,600 நானோடெஸ்லா அளவு வீழ்ந்தது அவ்வேட்டினால்தான் தெரிகிறது. அப்புயலின் வன்மையை மதிப்பிட முனைந்த இக்கால அறிஞர்களுக்கு இப்பதிவே பெருந்துணை ஆயிற்று.

மின்சார டிராம் வண்டிகள் ஓடத் தொடங்கினால் காந்த ஊசி அமைதியாக இராது என்பதனால், காந்த அளவைப் பணி அலிபாக் நகருக்கு மாற்றப்பட்டது. 1904 முதல் 1906 வரை ஈரிடத்திலும் அளந்து, இரண்டையும் ஒப்பிட்ட பின்னரே கொலாபாப் பதிவை நிறுத்தினர். தொடர்ச்சி அறுந்துவிடலாகாது என்பதில் அவர்கள் கொண்டிருந்த அக்கறை எத்தகையது என்பதை இதனால் அறியலாம்.

நம் சொந்த நாட்டுப் பக்கத்திலும் இத்தகைய தொடர்ச்சி ஒன்று உண்டு. தாது வருடப் பஞ்சம் எனப்பட்ட 1876-78 கொடும் பஞ்சத்தையொட்டி, பருவமழைக்கும் சூரியனுக்கும் தொடர்பு உண்டோ என்னும் ஆராய்ச்சி வலுப்பெற்றது. அதன் பயனாகக் கொடைக்கானல் மலையில் சூரிய ஆராய்ச்சி நிலையம் எழுந்தது. 1899இல் அது பணி தொடங்கிற்று. புள்ளிகளைக் கொண்டு மழையைக் கணிக்கும் வழி கைகூடவில்லை. ஆயினும் 1909இல் எவர்ஷெட் என்பார், கரும்புள்ளியின் நடுவிலிருந்து வாயு வெளிப்புறமாகப் பாய்வதை அங்குக் கண்டுபிடித்தார். அது இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. 1904 முதல் அங்கு எடுக்கப்பட்ட சூரியப் படங்கள் நூறாண்டுக்கும் மேற்பட்ட வரிசை. அவற்றிற்குப் பயன்பட்ட தொலைநோக்கியின் விட்டம் 15 சென்டிமீட்டர் மட்டுமே.

இவற்றால் நமக்கு என்ன பயன் எனலாம். சிற்றலையில் இலங்கை வானொலியின் தமிழ் ஒலிபரப்பை மும்பையிலிருந்து கேட்டவர்கள், சில ஆண்டுகளில் நிலையங்கள் தெளிவாகக் கிட்டியதையும், சில வேளைகளில் ஒலி திடீரென மங்கியதையும் அறிவர். சிற்றலையைத் திருப்பி அனுப்பும் அயனி மண்டலம் சூரியனின் நிலையைப் பொறுத்தது. 1989 மார்ச்சில் சூரியப் புயலொன்றால் கனடாவின் கியூபெக் மாநிலம் ஏறத்தாழ 9 மணி நேரம் மின்சாரமின்றி இருளில் மூழ்கிற்று. 2024 மே மாதப் புயலின்போது லடாக்கின் ஹான்லேயிலும் வானம் செந்நிறம் கொண்டது. அவ்வாண்டின் அக்டோபரை ஒட்டி இப்போதைய 25ஆம் சுழற்சி உச்சத்தை எட்டிற்று. 2023 செப்டம்பர் 2ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்ட ஆதித்யா-எல்1 விண்கலம், பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் நின்று சூரியனை நோக்கி வருகிறது.

விண்கலம் இருக்க, நம் சிறு தொலைநோக்கி எதற்கு? பழைய எண்ணிக்கையோடு இன்றைய எண்ணிக்கையை ஒப்பிட வேண்டுமானால், பழைய முறையிலேயே எண்ணுவோரும் இருத்தல் வேண்டும். உலகின் கரும்புள்ளி எண்ணைத் தொகுக்கும் பிரஸ்ஸல்ஸ் நிலையம், தொழில்முறை வானியலார் அல்லாத பலரின் குறிப்புகளையும் இன்றும் ஏற்கிறது.

முறையைக் கூறுமுன் ஓர் எச்சரிக்கை. தொலைநோக்கி வழியே சூரியனை நேராக நோக்கினால் கணப்பொழுதில் பார்வை போய்விடும். விழித்திரைக்கு வலி தெரியாது, எரிந்தபின்னரே அறிவோம். புகையேற்றிய கண்ணாடி, எக்ஸ்ரே பிலிம், மஞ்சள் நீரில் விழும் நிழல் ஆகிய எவையும் காப்பாகா. கண் வைக்கும் முனையில் திருகிப் பொருத்தும் கறுப்புக் கண்ணாடியும் வெப்பத்தால் வெடிக்கக்கூடும், அதனை ஒதுக்குக.

பாதுகாப்பான வழி திரையில் வீழ்த்துவதே. 60 மில்லிமீட்டர் விட்டமுள்ள வில்லைத் தொலைநோக்கி போதும். அதன் பக்கத்துச் சிறு குழலை மூடிவிடுக. குழாயின் நிழல் மிகச் சிறிதாகும்வரை திருப்பினால் சூரியன் நேர்ப்படும். பின்னால் வெள்ளைத் தாளைப் பிடித்து, பிம்பம் 15 சென்டிமீட்டர் வட்டமாகும்வரை முன்பின் நகர்த்துக. அவ்வளவில் நம் பூமி ஒரு கடுகளவே இருக்கும். பல புள்ளிகள் அதனினும் பெரியவை என்பதைக் கண்கூடாகக் காணலாம். குழாயை அசையாது விட்டால் பிம்பம் நகரும். முன்னே செல்லும் விளிம்பே மேற்கு. குழந்தைகள் அருகிருப்பின் கருவியைத் தனியே விட்டுச் செல்லலாகாது.

எண்ணும் முறை ஸ்விட்சர்லாந்து அறிஞர் உல்ஃப் வகுத்தது. கூட்டங்களின் எண்ணைப் பத்தால் பெருக்கி, தனிப்புள்ளிகளின் எண்ணைக் கூட்டுக. மூன்று கூட்டங்களில் மொத்தம் எட்டுப் புள்ளிகள் இருப்பின், அன்றைய எண் 38.

மும்பையில் இதற்கு ஏற்ற வேளை, கூரைகள் சூடேறுமுன் காலைப்பொழுது. தாராவியின் குறுகிய சந்துகளில் அவ்வேளையில் வெயில் இறங்காது; மொட்டை மாடி உதவும். செம்பூர்க் குடியிருப்புகளின் கிழக்குப் பால்கனி போதும். மாதுங்காவாசிகளுக்கு ஐந்து தோட்டத்தின் திறந்தவெளி உண்டு. கருவி இல்லாதார் ககோல் மண்டல் போன்ற வான்நோக்குச் சங்கங்களை நாடலாம். ஜூன் முதல் செப்டம்பர் வரை மேகம் தடுக்கும்; அதனால் மனந்தளர வேண்டுவதில்லை.

குறிப்பேட்டில் நாள், மணி, வானத்தின் நிலை, எண் ஆகிய நான்கையும் எழுதுக. புள்ளியே இல்லாத நாளில் பூச்சியம் என்று எழுதுக. மேகத்தால் காணாத நாளில் கோடு மட்டும் இடுக. இவ்விரண்டும் ஒன்றல்ல. சுழற்சி இனித் தணியுங்காலத்தில் பூச்சியங்கள் மிகும். எண்ணுவோர் பலர் சலித்து விலகுவதும் அப்போதுதான். அந்நாள்களிலும் விடாது எழுதப்படும் ஏட்டுக்கே மதிப்பு அதிகம்.