உங்களுக்குத் தெரியுமா? கோர்வைக்குள் ஒரு கத்தி

● முற்றிய மாட்டிறைச்சி வேக மறுத்தால் பப்பாசிக்காய்த் துண்டொன்றைப் போட்டுவிடுவது மட்டக்களப்பு வாவிக்கரை அடுப்படிகளுக்குத் தெரிந்த கைப்பக்குவம். காயின் பாலிலுள்ள பப்பேயின் என்ற நொதியம் இறைச்சியின் புரதத்தை வெட்டிப் பதமாக்குகிறது. எயிட்சை உண்டாக்கும் எச்.ஐ.வி வைரசிடமும் இப்படியொரு கத்தி உண்டு. பெயர் புரோட்டியேஸ். ஆனால் உறவுமுறை பார்த்தால், நம் இரைப்பையில் மீனையும் இறைச்சியையும் செரிக்கவைக்கும் பெப்சினுக்குத்தான் அது கிட்டிய சொந்தம்!

● கலத்திலிருந்து பிரியும்போது எச்.ஐ.வி வெறும் பிஞ்சு. தொற்றும் வல்லமை கிடையாது. அதன் நொதியங்கள் ஈர்க்கில் கோர்த்த மீன்களைப்போல ஒரே புரதச் சங்கிலியில் கிடக்கும். கோர்வையை அறுக்கவேண்டிய கத்தியும் அதே கோர்வையில்தான். பிறகு யார் அறுப்பது? இரண்டு சங்கிலிகள் நெருங்கி, தலா 99 அமினோ அமிலங்கள் கொண்ட இரு பாதிகள் பொருந்தினால்தான் கத்திக்குக் கூர் பிறக்கும். முதல் வெட்டு தன் சங்கிலியிலேயே. தன்னை விடுவித்துக்கொண்டு மற்றவற்றையும் துண்டாடும். பிறகு ஏறத்தாழ 1,500 புரதத் துண்டுகள் கூடிக் கூம்பு வடிவ உறையொன்றைக் கட்டும். வைரசு முற்றிவிட்டது.

● கலத்துக்குள்ளேயே கத்தி விழித்துக்கொண்டால் வைரசு உருவாவதே கெட்டுவிடும். அதனாலோ என்னவோ, சிக்கனம்: நொதியம் இல்லாத சங்கிலி சுமார் 20 என்றால், நொதியம் கோர்த்த சங்கிலி ஒன்றுதான்.

● எச்.ஐ.வியின் மரபுச் செய்தியைப் பிரதி எடுக்கும் நொதியம் இரட்டைப்பிள்ளை. இரண்டும் தலா 560 அமினோ அமிலங்களோடு ஒரே அச்சாகத்தான் பிறக்கும். புரோட்டியேஸ் ஒன்றின் வாலை மட்டும் நறுக்கி 440 ஆக்கிவிடும். பிரதி எடுப்பது முழுப்பிள்ளை. வால் இழந்தது முட்டுக்கொடுத்து நிற்கும்.

● இந்தக் கத்தியின் கூரில் போய் அடைத்துக்கொள்ளும் முதல் மருந்து சக்குவினாவிர். 1995 டிசெம்பரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. மருந்து வேலைசெய்தால் வைரசு வெளியே வரும், ஆனால் பிஞ்சிலேயே வெம்பிப்போகும்.

● தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி தொற்றுவதை இலங்கை ஒழித்துவிட்டதாக 2019 டிசெம்பரில் உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. கர்ப்பிணித் தாய்மாருக்கு கிளினிக்கில் எடுக்கும் இரத்தப் பரிசோதனைக்கு அதில் பெரும் பங்குண்டு. கர்ப்பிணிகள் மட்டுமல்ல, சந்தேகமுள்ள எவரும் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் பாலியல் நோய் சிகிச்சை நிலையத்துக்குப் போகலாம். பரிசோதனை இலவசம், விபரம் வெளியே போகாது. தயங்காமல் போய்ப் பாருங்கள்.